சொந்தமும் அக்கம்பக்கமும் சோர்ந்துபோகும்போது

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஐந்து மாடி அடுக்ககம் ஒன்றில், நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மின்தூக்கி கிடையாது. கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு (46) ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. வலது கையும் காலும் இன்னும் சரியாகவில்லை. நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறேன். முதல் இரண்டு மாதம் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். இப்போது எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பள்ளி விட்டு வரும் மகனை (8) தினமும் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு மலாய் அக்கா இப்போது கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். 'சிகிச்சைக்கு அழைத்துப்போக யாராவது வர முடியுமா' என்று கேட்டால் பதில் இல்லை. மறுநாள் காலை வணக்கப் படம் மட்டும் வருகிறது. கோலாலம்பூரில் இருக்கும் நாத்தனார் மாதம் 200 ரிங்கிட் அனுப்புவதோடு சரி. சிகிச்சை நாளான செவ்வாய்க்கிழமைகளில் மூத்த மகள் (15) அப்பாவுக்குத் துணையாக வீட்டில் நின்றுவிடுகிறாள். 'வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் சொல்லாதே' என்று கணவர் கோபப்படுகிறார். 'தோட்டத்தில் இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்' என்று மாமியார் நாள்தோறும் சொல்கிறார். வேலையை விட்டுவிடலாமா? கடனை அடைக்க, உடன் வேலை செய்பவர் நடத்தும் கூட்டில் (சீட்டு) சேர்ந்து முதல் மாதப் பணத்தை எடுத்துக்கொள்ளலாமா? மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

– வாசகி, பிறை

பதில்: அன்புச் சகோதரி,

வேலையை விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. இன்று அந்த வீட்டுக்குள் தவறாமல் வரும் ஒரே சம்பளம் உங்களுடையது. அது நின்றால் கடன் ஏறும். கடன் ஏறினால் இன்று கேட்கக் கூசும் உதவியைவிடப் பெரிய உதவியை நாளை கேட்க வேண்டியிருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட பெண்கள் பலர் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருக்கிறார்கள். ஓய்வு கிடைக்கும் என்று நினைத்து விட்டவர்கள், கடைசியில் ஓய்வும் கிடைக்காமல், பேச ஆளும் இல்லாமல் போனதாகத்தான் சொல்கிறார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண், கேண்டீனில் சேர்ந்து சாப்பிடும் கூட்டம், சம்பளப் பிரிவில் தெரிந்த ஒரு முகம், இவர்கள் எல்லோரும் உங்கள் துணைதான். அந்தக் கதவை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டாம்.

மனிதர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்கிறீர்கள். ஏழு மாதம் இப்படி ஓடியவருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குத் தெரிவது வேறு. உங்களைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டே பேர் மேல் தாங்க முடியாத பாரம் இறங்கியிருக்கிறது. மற்றவர்களிடம் எதுவுமே ஒப்படைக்கப்படவில்லை. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து பார்த்தவர்கள், 'எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மனதாரத்தான் சொல்லியிருப்பார்கள். எதை, எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் அப்போது தெரியாது. நோய் வந்த முதல் மாதம் அது ஊருக்கே செய்தி. ஏழாவது மாதத்தில் அது உங்கள் ஒரு வீட்டின் அன்றாடம் மட்டுமே.

பாரம் சுமக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவர் எதிர்வீட்டு அக்கா. இன்னொருவர் உங்கள் மகள். மகளைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் ஒரு குறை இருக்கிறது. மகளைப் பற்றி மட்டும் ஒரே வரி. அதில் குறையும் இல்லை, கவலையும் இல்லை. 'வீட்டில் நின்றுவிடுகிறாள்' என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றேன். மூன்றாம் படிவத்தில் படிக்க வேண்டிய பெண், வாரத்தில் ஒரு பள்ளி நாளை இழக்கிறாள். ஐந்தில் ஒரு பங்குப் பாடம். செவ்வாய்க்கிழமை நடத்திய கணக்கு புதன்கிழமை புரியாது, வெள்ளிக்கிழமை பிடிக்காது. பள்ளியில் காரணம் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்கிறாளோ என்னவோ, விசாரித்துப் பாருங்கள். அப்பாவைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிவறைக்கு அழைத்துப்போவது, இதில் எதை அவள் செய்கிறாள் என்பதையும் கேளுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் சங்கடம், தகப்பனுக்கும் சங்கடம். இருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் யார் மறுத்துப் பேச மாட்டாரோ, அவர் தோளில்தான் சுமை போய் இறங்கும். நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளை. அவளை 'பொறுப்பான பிள்ளை' என்று நாமே பாராட்டி, அவள் மறுக்கும் வழியையும் அடைத்துவிடுகிறோம். உங்கள் மகள் அன்பினால்தான் செய்கிறாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்பினால் செய்வதாலேயே அவளால் நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டியது நீங்கள். செவ்வாய்க்கிழமையை அவளிடமிருந்து திரும்ப வாங்குங்கள். இனி அந்த நாளுக்கு அவள் பொறுப்பில்லை என்று அப்பாவின் எதிரிலேயே சொல்லுங்கள். அவள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார். அவரைப் போய்ப் பார்த்து வீட்டு நிலையைச் சொல்லுங்கள். விட்டுப்போன பாடங்களுக்கு என்ன செய்யலாம் என்று அவர் பார்ப்பார், மகளிடம் தனியாகவும் பேசுவார். அப்பாவுக்காக ஏதாவது செய்ய அவள் ஆசைப்பட்டால், மாலையில் அரை மணி நேரம் கைப்பயிற்சிக்குத் துணையாக உட்காரட்டும். அது மகள் செய்யக்கூடிய வேலை.

இனி எதிர்வீட்டு அக்கா. அவர் கதவைச் சாத்தியதை நீங்கள் புறக்கணிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் இடத்தில் நின்று பாருங்கள். பள்ளி விட்டதிலிருந்து உங்கள் ஷிப்டு முடியும் வரை, வாரம் ஐந்து நாள், ஏழு மாதம். சொந்தத் தங்கை பிள்ளையைக்கூட இத்தனை நாள் பார்த்துக்கொள்ளச் சிலர் தயங்குவார்கள். 'இரண்டு மாதம் உதவலாம்' என்று மனதுக்குள் நினைத்துத் தொடங்கியிருப்பார். முடிவு நாள் எது என்று நீங்களும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல மனம் வராதவர்கள், கதவைச் சாத்துவார்கள்.

அவர் வீட்டுக்கு ஒரு நாள் போங்கள். அன்று எதையும் கேட்காதீர்கள். ஏழு மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லுங்கள், அது இவ்வளவு நீளும் என்று நீங்களும் நினைக்கவில்லை என்று சொல்லுங்கள். பிறகு வேறொரு நாள் போய், 'இனி வாரத்தில் எந்த நாள் உங்களுக்குச் சிரமம் இல்லை? ஒரு நாளும் முடியாவிட்டாலும் சொல்லுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்' என்று கேளுங்கள். இரண்டு நாள் என்று அவர் சொன்னால் அது பெரிய கொடை. மீதி மூன்று நாளைக்குப் பள்ளிக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டிரான்சிட் இடங்களை விசாரியுங்கள். நாத்தனார் அனுப்பும் பணத்தின் ஒரு பகுதி அதற்குப் போகட்டும். நாள் தவறாமல், மணி தவறாமல் நடக்க வேண்டிய வேலைக்குக் கூலி கொடுத்துவிடுவதே எல்லோருக்கும் நல்லது. அக்கம்பக்கத்தாரின் உதவி, பஸ் தாமதமாகும் நாளுக்கும் திடீர்க் காய்ச்சலுக்கும் கையில் இருக்கட்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. தோட்டத்து மக்கள் இன்றைய மக்களைவிட நல்லவர்களாக இருந்ததால் மட்டும் அங்கே உதவி கிடைத்துவிடவில்லை. லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம். விடியுமுன் எல்லோரும் ரப்பர்ப் பால் வெட்டப் போனார்கள், ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. சம்பள நாள் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, கோயில் ஒன்று. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. 1960-இல் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்க முடிந்ததற்கும் அந்தச் சேர்ந்த வாழ்க்கைதான் அடித்தளம். அங்கே குடும்பங்களுக்கு வறுமையும் இருந்தது, வெளியே சொல்ல முடியாத கொடுமைகளும் இருந்தன. அதையும் மாமியார் அறிவார்.

1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி, தொழிற்சாலை ஷிப்டு வேலை வந்ததிலிருந்து பினாங்கில் நம் பெண்களின் நேரமே மாறிவிட்டது. உங்கள் மாடியில் எட்டு வீடு இருந்தால் எட்டுக்கும் வேறு வேறு நேரம். நீங்கள் இரவு ஷிப்டு முடிந்து தூங்கும்போது பக்கத்து வீட்டார் வேலையில் இருப்பார்கள். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படவே வழி இல்லை. தோட்டத்தில் தானாக நடந்ததை, இங்கே நாம் திட்டம் போட்டு நடத்த வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நானும் என்னைப் போன்ற ஆலோசகர்களும் அன்றாடம் பயன்படுத்துவது. ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் 1975-இல் வகுத்தது. ஒரு பெரிய தாளின் நடுவில் வட்டம் போட்டு, உங்கள் வீட்டில் இருப்பவர்களை அதற்குள் எழுதுங்கள். சுற்றிலும் சிறு வட்டங்கள்: எதிர்வீட்டு அக்கா, நாத்தனார், கணவரின் பழைய கம்பெனி நண்பர்கள், கோயில், மகனின் தமிழ்ப்பள்ளி, மகளின் பள்ளி, உங்கள் தொழிற்சாலை, மருத்துவமனை, கீழ்மாடிக் கடைக்காரர், யார் யார் நினைவுக்கு வருகிறார்களோ அத்தனை பேரும். நெருக்கமானவர்களுக்குத் தடித்த கோடு, முகப்பழக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு மெல்லிய கோடு, மனத்தாங்கல் இருக்கும் இடத்தில் குறுக்குவெட்டுப் போட்ட கோடு. பிறகு ஒவ்வொரு கோட்டிலும் அம்புக்குறி: உதவி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது?

மகளையும் உட்கார வைத்துப் போடுங்கள். முடிந்தால் கணவரையும். போட்டு முடித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தடித்த கோடு நாத்தனாருக்கும் எதிர்வீட்டுக்கும் மட்டுமே இருக்கும், அந்த இரண்டிலும் இப்போது குறுக்குவெட்டும் விழுந்திருக்கும். மெல்லிய கோடுகளோ நிறைய இருக்கும், அவற்றில் ஒரு அம்புக்குறிகூட இருக்காது. உங்களுக்கு வேலை அங்கேதான்.

மெல்லிய கோட்டுக்காரர்களிடம் கேட்க நமக்குக் கூச்சம். ஆனால் எத்தனையோ வேளைகளில் பயன் தருபவர்கள் அவர்கள்தான். நெருங்கிய சொந்தத்துக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். கணவரோடு லாரி ஓட்டியவர்களில் ஒருவருக்காவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் அலுவலகத்துக்கு நடந்த அனுபவம் இருக்கும். மகன் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் இன்னொரு அம்மா உங்கள் வீட்டு வழியாகவே தன் பிள்ளையை அழைத்துப் போகிறவராக இருப்பார்.

அந்த நான்கு மாடிப் படியையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைச் சிக்கல் முழுக்க அந்தப் படியில் இருக்கிறது. பலமான இரண்டு ஆட்கள் இல்லாமல் உங்கள் கணவரைப் பாதுகாப்பாக இறக்க முடியாது. மாமியாராலும் மகளாலும் ஆகிற காரியம் அல்ல அது. கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கால் எந்தப் படியில் இறங்குகிறது என்று தெரியாமல் அவர் தடுமாறினால், தாங்கப்போகும் பெண்ணும் சேர்ந்து விழுவாள். உங்கள் அடுக்ககத்தில் கீழே உறுமி மேளம் பழகும் இளைஞர்கள், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து பேசிக்கொண்டிருக்கும் பையன்கள் இருப்பார்களே, அவர்களை யாராவது எதற்காவது கேட்டிருக்கிறார்களா? பெரியவர்கள் அவர்களை ஏசுவதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் பொறுப்பானவராகத் தெரியும் ஒருவரைத் தனியாகப் பார்த்து, 'தம்பி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணனைக் கீழே இறக்க இரண்டு பேர் வேண்டும், பத்து நிமிட வேலை' என்று சொல்லிப் பாருங்கள். வேலைக்குப் போகாத நாளில் நிச்சயம் வருவார்கள். ஒரு முறை மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு பையனை நிறுத்தி, எங்கே பிடிக்க வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது, பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் எளிதில் விலகிவிடும். கீழ்மாடி வீடு ஏதாவது காலியாகிறதா, மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று வீட்டு நிர்வாகத்திடமும் எழுதிக் கேளுங்கள்.

புலனக் குழுவில் பதில் வராததற்கு விளக்கம் இருக்கிறது. 1968-இல் ஜான் டார்லி, பிப் லாட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற குரலை மாணவர்கள் கேட்டார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் அடங்குமுன்பே உதவிக்குப் போனார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் போனது 31 விழுக்காடு மட்டும். கல்நெஞ்சம் காரணமில்லை, வேறு யாராவது போவார்கள் என்ற எண்ணம். நான்கு பேருக்கே அப்படி என்றால் ஐம்பது பேருக்கு எப்படி என்று பாருங்கள். குழுவில் 'யாராவது' என்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு நாள். தனியாக அழையுங்கள். எழுதுவதென்றால் இப்படி எழுதுங்கள்:

'மாமா, வரும் செவ்வாய்க்கிழமை காலை 8.15-க்கு இவரை உங்கள் காரில் மருத்துவமனையில் விட முடியுமா? படியிறக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். திரும்பி வருவதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்கிறேன்.'

வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இதில் இருக்கிறது. மறுப்பதற்கும் மரியாதையான வழி இருக்கிறது. மாதத்தில் நான்கு செவ்வாய்க்கு நான்கு பேர் என்றால் ஒருவருக்கு மாதம் ஒரு நாள்தான். அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ள மனம் வரும்.

நாத்தனார் விஷயத்தில் உங்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஏழு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர், தன்னால் முடிந்ததைச் செய்கிறார். வாராவாரம் வந்து நிற்கச் சொன்னால் அவரால் ஆகாது. ஆனால் தொலைவிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன, உங்களுக்கு நேரமே இல்லாத வேலைகள்: விண்ணப்பப் படிவங்களை நிரப்புவது, அலுவலகங்களை அழைத்து விசாரிப்பது, மருத்துவ அறிக்கைகளை ஒழுங்காக அடுக்கி வைப்பது. அண்ணனுக்கான காகித வேலை முழுவதும் உன் பொறுப்பு என்று கொடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள். அந்த வாரம் நீங்கள் தூங்குங்கள்.

அந்தக் காகித வேலையில் முதலாவது சொக்சோ. இது அவசரம். கணவர் சந்தா கட்டி வந்த ஓட்டுநர் என்றால், வேலை செய்ய இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருக்கிறது. முழுத் தகுதிக்கான வழிகளில் ஒன்று, விண்ணப்பம் போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா இருப்பது. கணவர் வேலைக்குப் போகாத ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் வெற்று மாதமாக ஏறுகிறது. தள்ளிப்போடப் போட, தகுதி நழுவக்கூடும். மருத்துவக் குழு பார்த்து முடிவு சொல்லும். கிடைத்தால் அவருடைய சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் வரும். மீண்டும் ஏதாவது வேலைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குச் சொக்சோவிலேயே தனித் திட்டம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். உடற்குறையுள்ளோர் அட்டைக்கும் உதவித்தொகைக்கும் சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகத்தை அணுகுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசாங்க மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள். 15999 என்ற தாலியான் காசே அரசாங்க நல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 1996-இல் தொடங்கிய மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கத்துக்குப் பினாங்கிலும் மையம் உண்டு. உங்கள் கணவர் தன்னைப் போன்ற இன்னொருவரைச் சந்திக்கும் இடம் அது.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனி விடுப்பை நம் வேலைச் சட்டம் தரவில்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் ஒரு வழி திறந்திருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 'செவ்வாய் இரவு ஷிப்டு வேண்டாம், நிலையான காலை ஷிப்டு வேண்டும்' என்று திட்டமாகக் கேளுங்கள். வாய்மொழியாகச் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

கூட்டு வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தடுக்கிறது. பிரச்சினை வந்தால் போலீசுக்குப் போகவும் தயங்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, முதல் மாதமே பணத்தை எடுத்துவிட்டு மீதி மாதமெல்லாம் கட்ட முடியாமல் போனால், ஷிப்டு மாற்றித் தரும் அந்தச் சக தொழிலாளிகளையே நீங்கள் இழப்பீர்கள். வட்டி முதலைகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். என்ன கடன், யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் எழுதி நாத்தனாரிடம் காட்டுங்கள். சொக்சோ முடிவு வரும் வரை தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ கடன் கொடுத்த இடத்தில் கேட்க முடியும்.

கடைசியாக, உங்கள் கணவர். 'ஊரெல்லாம் சொல்லாதே' என்பதை நீங்கள் வீம்பாகப் பார்க்கிறீர்கள். லாரி ஓட்டியவர், வாட்டசாட்டமான ஆள். யாராவது வீடு மாற்றினால், கோயிலுக்குச் சாமான் ஏற்ற வேண்டுமென்றால் இவரைப் போன்றவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கொடுத்தே பழகிய கை அது. வாங்குவது அவருக்குத் தோல்வியாகப் படுகிறது. வாதம் செய்து அதை மாற்ற முடியாது. அவரிடமிருந்து வெளியே போகும் அம்புக்குறி ஒன்றையாவது அந்தத் தாளில் கண்டுபிடியுங்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது. பல ஆண்டுகள் லாரியோடு டிப்போவுக்கும் துறைமுகத்துக்கும் போய்வந்தவருக்கு மலாயும் நன்றாக வரும். எதிர்வீட்டுப் பிள்ளையும் உங்கள் மகனும் மாலையில் அவர் எதிரே உட்கார்ந்து மலாய்ப் பாடம் படிக்கலாம். படியிறக்க வரும் பையன்களில் லாரி உரிமம் எடுக்க நினைப்பவர் இருந்தால், அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இவரைவிட யார் இருக்கிறார்கள்? எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். படியிறக்க ஆள் வேண்டும் என்பதைச் சொல்லலாம், கடன் எவ்வளவு என்பதையும் கழிவறைச் சங்கதியையும் சொல்ல வேண்டாம் என்று அவர் கோடு போட்டால், அந்தக் கோட்டை நீங்கள் மதியுங்கள்.

அவர் கோபம் மட்டும்தான் படுகிறாரா, அல்லது யாரோடும் பேசாமல், சாப்பிடப் பிடிக்காமல், பயிற்சி செய்ய மறுத்துப் படுத்தே கிடக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன. மனச்சோர்வு தணிந்தால் கை கால் பயிற்சியிலும் ஈடுபாடு வரும். 'செத்துப்போனால் நல்லது' என்பதுபோன்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நள்ளிரவில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் உள்ளே போங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் அவர் சொல்வார். வீட்டில் எப்படி இருக்கிறார் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.